ஹால் எச் வாசல் வரை: சான் டியேகோ காமிக்-கானுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023-இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தின் கடைசியில் நாயகன் நோவாவின் கையில் ஒரு விசிட்டிங் கார்டு வரும். அதைத் திருப்பினால் ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மை வரிசையின் பெயர். அந்த ஒரு நொடிக்குத் தியேட்டரில் எழுந்து நின்று கத்தியவர்களில் நானும் ஒருவன். சின்ன வயதில் ஃபன்ஸ்கூல் ஜோ பொம்மைகளை வைத்து விளையாடியவர்களுக்கு அந்த நொடி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பொம்மை வரிசைகளும் ஒரே படத்தில். 2024 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நடந்த சினிமாகான் என்ற திரையரங்கு உரிமையாளர்கள் மாநாட்டில் பாரமவுண்ட் ஸ்டுடியோ அதை உறுதி செய்தபோது, அந்தப் படத்தின் முதல் துண்டைத் திரையில் காட்டும் இடத்தில் நான் இருக்க வேண்டும் என்ற ஆசை இன்னும் வலுத்தது. இந்த மாதிரிப் படங்களுக்கு அந்த இடம் பெரும்பாலும், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஜூலையில் நடக்கும் காமிக்ஸ், சினிமா ரசிகர் திருவிழாவான காமிக்-கானின் மிகப் பெரிய அரங்கு, ஹால் எச்.

ஆனால் ஆசைப்பட்டால் மட்டும் போதாது. 2023 இலையுதிர் காலத்தில் டிக்கெட் விற்பனைக்குள் நுழையவே முடியவில்லை. 2024-இல் நுழைந்தும் பெயர்க் குழப்பத்தில் பாதியைத் தவறவிட்டேன். ஒரு வழியாக 2025 ஜூலையில் வெள்ளி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும் போய்வந்தேன். இந்த இரண்டு வருட அலைச்சலில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். சென்னையிலிருந்து போகிறவரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவிலேயே இருப்பவர்கள் விசா பகுதியைத் தாண்டிவிடலாம்.

1. முதலில் மெம்பர் ஐடி, இன்றைக்கே

காமிக்-கானுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. முன்பதிவு தளங்களிலும் கிடையாது. அவர்களுடைய சொந்தத் தளத்தில் மட்டும்தான் விற்பனை. அதற்கு மெம்பர் ஐடி என்ற கணக்கு வேண்டும். கணக்கு தொடங்க ஒரு பைசா செலவில்லை. ஆனால் டிக்கெட் விற்பனைக்கு முன்பே ஒரு கெடு தேதி வைத்து, அதற்குள் கணக்கு தொடங்கியவர்களை மட்டுமே விற்பனையில் சேர்ப்பார்கள். விற்பனை அன்று காலை கணக்கு தொடங்கிக்கொள்ளலாம் என்று நான் இருந்தேன். ஒரு முழு வருடம் போனது அப்படித்தான்.

13 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெம்பர் ஐடி வேண்டும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள், டிக்கெட் வாங்கிய பெரியவரோடு இலவசமாக வரலாம்.

இப்போது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரும் சிக்கலுக்கு வருகிறேன். கணக்கில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மில் பலருக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியல்தான் உண்டு. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும், அல்லது குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். நான் மெம்பர் ஐடியில் கடைசிப் பெயராக இனிஷியலை மட்டும் போட்டிருந்தேன். விற்பனை நாளில் நண்பனுக்கு முதலில் வழி திறந்தது. எனக்கும் சேர்த்து வாங்க, என் ஐடி எண்ணையும் கடைசிப் பெயரையும் அவன் போட வேண்டும். அவன் என் அப்பா பெயரைப் போட்டான். பொருந்தவில்லை. மறுபடி அதையே போட்டுப் பார்த்தான், பொருந்தவில்லை. எனக்கு போன் போட்டு, சரி செய்து, திரும்ப உள்ளே வருவதற்குள் சனிக்கிழமை விற்றுத் தீர்ந்துவிட்டது.

அதனால் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே மெம்பர் ஐடியில் போடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்து வரும். பயணச்சீட்டில், விடுதிப் பதிவில் எல்லாம் இது துரத்தும். நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே பெயரை இரண்டாகப் பிரித்துத் திருத்திக்கொண்டு, அதற்கப்புறம் மற்ற எல்லாவற்றையும் தொடங்குவது நல்லது. கூட வரும் எல்லாருடைய ஐடி எண்ணையும் கடைசிப் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. விசா: டிக்கெட்டுக்கு முன்பா, பின்பா?

முன்பு. சந்தேகமே வேண்டாம். சென்னையில் பி1/பி2 எனப்படும் வணிக, சுற்றுலா விசா நேர்காணலுக்குக் காத்திருப்பு மாதக் கணக்கில் போகும். எனக்கு எட்டு மாதம் ஆனது. காமிக்-கான் டிக்கெட் கிடைத்தபின் தொடங்கினால் ஜூலைக்குள் முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேர்காணலுக்குச் சென்னைதான் என்றில்லை. ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா எங்கே முதலில் தேதி கிடைக்கிறதோ அங்கே போடலாம்.

விண்ணப்பப் படிவம் டி.எஸ்-160. உட்கார்ந்து பொறுமையாக நிரப்பினால் இரண்டு மணி நேரம். கடந்த 5 வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். பொம்மைகளுக்கென்று தனியாகப் பக்கம் வைத்திருந்தால் அதையும் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். கட்டணம் நான் கட்டியபோது 185 டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. கட்டிய நாளிலிருந்து 365 நாளுக்குள் நேர்காணலுக்குத் தேதி எடுத்துவிட வேண்டும். கட்டணங்கள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. கட்டுவதற்கு முன் அதிகாரபூர்வத் தளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு சந்திப்பு இருக்கும். முதலில் கைரேகை, புகைப்படத்துக்கு ஒரு நாள். அப்புறம் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூதரகத்தில் நேர்காணல். போகும்போது எடுத்துப் போக வேண்டியவை:

- பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதுவும்
- டி.எஸ்-160 உறுதிப்படுத்தல் தாள்
- சந்திப்பு உறுதிப்படுத்தல் தாள்
- இரண்டுக்கு இரண்டு அங்குலப் புகைப்படம்
- வேலைச் சான்று, விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல்

கடைசி வரியில் உள்ளவற்றை என்னிடம் கேட்கவே இல்லை, ஆனாலும் கையில் இருக்க வேண்டும். கைபேசியை உள்ளே விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு முக்கியமான கண்ணி: டி.எஸ்-160-ஐத் திருத்திப் புதிதாக அனுப்பினால் அதன் எண் மாறிவிடும். சந்திப்புப் பதிவில் பழைய எண் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். "காமிக்-கான் பார்க்கப் போகிறேன், ஐந்து நாள் சான் டியேகோ, மிச்ச நாள் நண்பன் வீடு" என்று நான் சொன்னேன். செலவு யாருடையது, என்ன வேலை என்று இரண்டு கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான். விசா கையில் வருவதற்கு முன்னால் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

3. டிக்கெட் விற்பனை நாள்

டிக்கெட்டை அங்கே பேட்ஜ் என்றுதான் சொல்வார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாள்வாரியாக வாங்கலாம். புதன் மாலை ஒரு முன்னோட்ட இரவும் உண்டு.

விற்பனை இரண்டு தடவை நடக்கும். முந்தைய வருடம் வந்தவர்களுக்கு ஒன்று, எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. முதல் முறை போகிறவர்களுக்குப் பொது விற்பனைதான். பெரும்பாலும் இலையுதிர் காலத்தில், அதாவது நிகழ்ச்சிக்கு எட்டு ஒன்பது மாதம் முன்னால். தேதியை மின்னஞ்சலில் சொல்வார்கள். அந்த மின்னஞ்சல் எனக்கு விளம்பரங்களுக்கான பகுதியில் போய் உட்கார்ந்திருந்தது. வாரத்துக்கு ஒரு முறை அதையும் திறந்து பாருங்கள்.

நேரக் கணக்கில் கவனம். அறிவிப்பில் காலை 9 மணி பசிஃபிக் நேரம் என்று இருந்தால் அக்டோபரில் நமக்கு இரவு 9.30. ஆனால் நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். அதற்கப்புறம் அதே காலை 9 மணி நமக்கு இரவு 10.30.

விற்பனைக்கு முன்னால் ஒரு காத்திருப்பு அறை திறக்கும். அதற்குள் நுழைய உங்கள் மெம்பர் ஐடி கணக்கில் ஒரு குறியீடு கொடுத்திருப்பார்கள். அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். விற்பனை தொடங்கும் நேரத்துக்கு முன் நீங்கள் உள்ளே இருந்தால் போதும். முதலில் போனவருக்கு முதல் இடம் என்பது அங்கே கிடையாது. உள்ளே இருப்பவர்களைக் குலுக்கல் முறையில்தான் எடுப்பார்கள். திரையில் ஒரு நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பதறிப் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். ஒரே ஐடியை இரண்டு கணினியில் திறக்காதீர்கள். நான் அந்த வட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் "சனிக்கிழமை தீர்ந்தது" என்று வரும்போது வயிற்றைப் பிசையும். எழுந்து போய்விடாதீர்கள். ஞாயிறு கடைசி வரை இருக்கும்.

ஒருவருக்கு வழி திறந்தால் தனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சேர்த்து வாங்கலாம். அதனால் மூன்று பேர் கூட்டாகச் சேருங்கள். மூன்று பேரும் தனித்தனியாகக் காத்திருங்கள், யாருக்கு முதலில் திறக்கிறதோ அவர் மூவருக்கும் வாங்கட்டும். எந்த நாள் முதலில், அது இல்லையென்றால் எது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள். உள்ளே போனபின் யோசிக்க நேரம் இருக்காது. எங்கள் முடிவு: சனி, வெள்ளி, ஞாயிறு, வியாழன் என்ற வரிசை.

பணம் கட்டும் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி புது அட்டைகளில் அது மூடியேதான் வரும். வங்கிச் செயலியில் போய்த் திறந்து, வரம்பையும் உயர்த்தி, ஒரு சின்னத் தொகைக்கு ஏதாவது வெளிநாட்டுத் தளத்தில் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். நாணய மாற்றுக் கட்டணம் என்று வங்கி தனியாக இரண்டு மூன்று சதவீதம் எடுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். பேட்ஜ் விலை ஒரு நாளுக்கு நான் வாங்கியபோது நூறு டாலருக்குள்தான் இருந்தது. மொத்தச் செலவில் அதுதான் மிகக் குறைவு.

வெளியாளிடம் பேட்ஜ் வாங்காதீர்கள். அதில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கும், உள்ளே ஒரு சிப் இருக்கும், புகைப்பட அடையாள அட்டை கேட்பார்கள். இன்னொருவர் பெயரில் உள்ள பேட்ஜை என்ன விலைக்கு வாங்கினாலும் அது வெறும் அட்டை. அமெரிக்க முகவரி உள்ளவர்களுக்கு பேட்ஜ் தபாலில் வரும். இந்திய முகவரி என்றால் அங்கே போய் நேரில், பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும். உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. படம் வருமா என்று தெரியாமல் வாங்குவது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என்னைப் போல ஒரு படத்தை மனதில் வைத்துப் போகிறவருக்கு இதுதான் பெரிய அடி. பேட்ஜ் வாங்குவது எட்டு ஒன்பது மாதம் முன்னால். எந்த நாளில் எந்த அரங்கில் என்ன என்ற நிகழ்ச்சி நிரல் வருவது ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால். நடுவில் எதுவும் உறுதியில்லை. 2023-இல் எழுத்தாளர்கள், நடிகர்கள் வேலைநிறுத்தத்தால் பெரிய ஸ்டுடியோக்கள் ஒதுங்கிவிட்டன. 2025-இல் மார்வெல் ஹால் எச்சுக்கு வரவே இல்லை. நான் போன அந்த வருடம் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் ஜி.ஐ. ஜோவும் சேரும் படத்தைப் பற்றி எந்த மேடையிலும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படியானால் போனது வீணா? இல்லை. பொம்மையிலிருந்து பிறக்கும் படங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஸ்டுடியோ மேடை ஏறாத வருடத்திலும் பொம்மை கம்பெனி கடை போடும். கண்காட்சித் தளத்தில் ஹாஸ்ப்ரோ, மேட்டல் அரங்குகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுத்த வருட மாதிரிகள் நிற்கும். மேல்மாடி அறைகளில் பொம்மை வடிவமைப்பாளர்களே வந்து பேசுவார்கள், கேள்வி கேட்கலாம். பல படங்களில் ஒரு பாத்திரத்தின் உருவம் திரைக்கு முன்னால் பொம்மையில்தான் வெளியே வந்திருக்கிறது. எனவே நிகழ்ச்சி நிரல் வந்ததும் ஹால் எச்சை மட்டும் பார்க்காதீர்கள். பொம்மை கம்பெனிகளின் பெயரைப் போட்டுத் தேடி, அந்தச் சின்ன அறை நிகழ்ச்சிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ரசிகனாக எனக்கு அதிகம் கிடைத்தது அங்கேதான்.

5. தங்குமிடம்

காமிக்-கானுக்கென்றே ஒதுக்கிய அறைகளை ஆன்பீக் என்ற நிறுவனம் விற்கும். முன்கூட்டிய விற்பனையில் கொஞ்சம் தள்ளி உள்ள விடுதிகள் கிடைக்கும், ஆனால் பணம் திரும்பாது. அப்புறம் வசந்த காலத்தில் பொது விற்பனை.  அரங்குக்குப் பக்கத்தில் உள்ள கேஸ்லாம்ப் பகுதியில் ஒரு இரவுக்கு 300 டாலர் சர்வ சாதாரணம், வரி தனி.

நாங்கள் கொஞ்சம் தள்ளி, மிஷன் வேலி என்ற பகுதியில் தங்கினோம். பச்சை வழித்தட டிராலி (நகர ரயில்) அங்கிருந்து நேராக அரங்கு வாசலுக்கு வரும். கேஸ்லாம்ப் குவார்ட்டர், கன்வென்ஷன் சென்டர் இரண்டு நிறுத்தமும் அரங்குக்கு எதிரே. அப்போது ஒரு பயணம் 2.50 டாலர், நாள் முழுக்க 6 டாலர். இருவர் பகிர்ந்த அறைக்கு இரவுக்கு 210 டாலர் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இறங்குகிறவர்கள் யூனியன் ஸ்டேஷனிலிருந்து பசிஃபிக் சர்ஃப்லைனர் ரயிலில் வரலாம், ஏறக்குறைய மூன்று மணி நேரம், பாதி வழி கடலோரமாகவே போகும். இறங்கும் சாண்டா ஃபே நிலையத்திலேயே டிராலியும் நிற்கும்.

6. பொம்மைக்கும் குலுக்கல்

அந்த நான்கு நாளுக்கென்றே தயாரிக்கும் பிரத்யேகப் பொம்மைகள் உண்டு. நேரே கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நிகழ்ச்சிக்குச் சில வாரம் முன்பு உங்கள் மெம்பர் ஐடி கணக்கிலேயே ஒரு பகுதி திறக்கும். எந்த நாளில் எந்தக் கடை வேண்டும் என்று பதிவு செய்ய வேண்டும். பேட்ஜ் இருக்கும் நாளுக்கு மட்டும்தான் பதிய முடியும். குலுக்கலில் வென்றால் கிடைப்பது கடைக்குள் போகும் உரிமை. பொம்மை அல்ல. நீங்கள் போகும் நேரத்தில் அது தீர்ந்திருக்கலாம். இந்தப் பகுதி திறந்ததற்கும் மூடியதற்கும் நடுவே நான் அலுவலக வேலையில் மூழ்கியிருந்தேன், கடைசி நாளில் நண்பன் நினைவுபடுத்தினான். கைபேசியில் ஜூன் முதல் தேதியிலிருந்து தினமும் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

அட்டையில் போட்டிருக்கும் விலையோடு சான் டியேகோவின் விற்பனை வரி 7.75 சதவீதம் சேரும். கையில் வாங்க நினைத்த தொகைக்குப் பத்து சதவீதம் கூட வையுங்கள்.

7. ஹால் எச் வரிசை

ஹால் எச்சில் சுமார் 6,500 பேர் உட்காரலாம். நிகழ்ச்சிக்கு வருவதோ 1,30,000 பேருக்கு மேல். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காலையில் நடக்கும் முதல் நிகழ்ச்சிக்கு, முந்தைய நாள் மாலையே வரிசை தொடங்கும். வரிசையில் இருப்பவர்களுக்குக் கைப்பட்டை கொடுப்பார்கள். கைப்பட்டை கிடைத்தவர்கள் இரவில் கொஞ்சம் தூங்கிவிட்டு வரலாம், ஆனால் காலையில் சொன்ன நேரத்துக்குள் திரும்பி நிற்க வேண்டும். அது முதல் நிகழ்ச்சிக்கான நுழைவுக்கு மட்டும். கைப்பட்டை இல்லாதவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்கலாம். இடம் இருந்தால் விடுவார்கள்.

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைக் காலி செய்ய மாட்டார்கள். காலையில் உட்கார்ந்தவர் இரவு வரை உட்காரலாம். உங்களுக்கு வேண்டியது மாலை நிகழ்ச்சி என்றால் அதற்கு முந்தைய நிகழ்ச்சியின்போதே உள்ளே இருப்பதுதான் வழி. வெள்ளிக்கிழமை நான் மதியம் வந்து நின்று, வரிசை நகராமல் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பினேன். ஞாயிறன்று விடியும் முன்பே போனேன், இடம் கிடைத்தது. ஞாயிறு யாருக்கு வேண்டும் என்று பலர் விட்டுவிடும் நாள் அது. அந்த ஞாயிறுதான் ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் முதல் முறையாக ஹால் எச் மேடைக்கு வந்தார், பக்கத்தில் இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோ. 6,500 பேரும் எழுந்து நின்ற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வரிசைக்கு எடுத்துப் போக வேண்டியவை: ஸ்வெட்டர், தரையில் விரிக்க ஒரு பழைய போர்வை, தண்ணீர், பவர்பேங்க். ஜூலைதானே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். வரிசை கடலை ஒட்டிப் போகும், விடியற்காலைக் காற்று எலும்பைத் தொடும். சாப்பாட்டுக்கு ஜி தெருவில் ரால்ஃப்ஸ் என்ற பெரிய மளிகைக் கடை நடக்கும் தூரத்தில் இருக்கிறது. முந்தைய நாளே ரொட்டி, வாழைப்பழம், தயிர் வாங்கி வைத்துக்கொண்டால் அரங்குக்குள் கொடுக்கும் விலையில் கால்வாசிதான் ஆகும்.

திரையில் புதுப் படத்தின் துண்டு ஓடும்போது கைபேசியை எடுக்கவே எடுக்காதீர்கள். படம் பிடித்தால் பேட்ஜைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிடுவார்கள். கண்ணால் பார்த்து மனதில் வைத்துக்கொள்வதற்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்.

வேடம் போட்டுப் போகிறவர்கள், கையில் வைத்திருக்கும் துப்பாக்கி, வாள் எல்லாவற்றையும் உள்ளே பரிசோதனை மேசையில் காட்டி அடையாளப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அவற்றை விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பெட்டியில் போட்டு ஏற்றிவிடுங்கள்.

8. பேட்ஜ் கிடைக்காவிட்டால்

விசாவும் விடுமுறையும் இருந்து பேட்ஜ் மட்டும் கிடைக்கவில்லை என்றால், அந்த வாரத்தில் அமெரிக்காவில் வேறு காரணத்துக்காக இருப்பவர்கள் ஒரு நாள் போய் வரலாம். அரங்குக்கு வெளியே, கேஸ்லாம்ப் தெருக்களிலும் எதிரே உள்ள புல்வெளிகளிலும் ஸ்டுடியோக்கள் போடும் கூடாரங்களில் பலவற்றுக்கு பேட்ஜ் கேட்பதில்லை. ஆனால் அதற்காக மட்டும் சென்னையிலிருந்து லட்ச ரூபாய் செலவழித்துப் போகச் சொல்ல மாட்டேன். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில் முதல் முறையாக நடந்த சென்னை காமிக் கானுக்குப் போங்கள். வரிசையில் நிற்கும் பழக்கமும் வேடம் போட்டவர்களோடு பேசும் கூச்சம் போவதும் அங்கேயே நடக்கும்.

9. செலவும், திரும்பி வரும்போது சுங்கமும்

என் செலவு, ஒருவருக்கு: விமானம் போக வர 1,24,000 ரூபாய். விசா, காப்பீடு சேர்த்து ஏறக்குறைய 19,000. அறையில் என் பங்கு, நான்கு இரவுக்கு 36,000. பேட்ஜ், ரயில், டிராலி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 30,000 சொச்சம். பொம்மைகளுக்கு 21,000. மொத்தம் 2,30,000 பக்கம். லாஸ் ஏஞ்சலஸில் நண்பன் வீட்டில் தங்கியதால் இந்த அளவில் முடிந்தது, இல்லாவிட்டால் இன்னொரு அறுபதாயிரமாவது ஆகியிருக்கும். விமான டிக்கெட்டை பிப்ரவரியில் வாங்கினேன். மே மாதம் வாங்கிய இன்னொரு நண்பர் முப்பதாயிரம் கூடக் கொடுத்தார்.

போகும்போதே பெரிய கடினப் பெட்டிக்குள் சின்னப் பெட்டியை வைத்து எடுத்துப் போங்கள். வரும்போது பொம்மை அட்டைப்பெட்டிகள் கடினப் பெட்டியில், துணிகள் அவற்றைச் சுற்றி. அட்டை மூலை நசுங்கினால் சேகரிப்பவருக்கு மனசு எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பவர்பேங்க் கைப்பையில் மட்டும்தான்.

இந்தியாவுக்குள் வரியில்லாமல் கொண்டுவரும் பொருளுக்கு வரம்பு உண்டு. நான் திரும்பியபோது அது 50,000 ரூபாய். புறப்படுமுன் அன்றைய வரம்பைச் சுங்கத் துறைத் தளத்தில் பாருங்கள். எல்லா ரசீதையும் ஒரு உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னை நிறுத்தி, பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ரசீதைக் காட்டியதும் கூட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், ஐந்து நிமிடம். நண்பர் மூலமோ கூரியரிலோ பின்னால் அனுப்பச் சொல்லாதீர்கள். "பரிசு" என்று எழுதினால் வரி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 டிசம்பர் முதல் அந்தச் சலுகை ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டும்தான்.

10. சட்டைப் பையில் ஒரு பழைய ஜோ

இது பட்டியலில் எங்கும் இருக்காது, ஆனால் செய்யுங்கள். வீட்டுப் பரணில் பழைய ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ இருந்தால் ஒன்றை எடுத்துப் போங்கள். இந்தியாவில் வந்த நிறச் சேர்க்கைகள் அமெரிக்காவில் வந்தவற்றிலிருந்து மாறுபட்டவை, அங்கே சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் கொண்டுபோனது இடுப்பு விட்டுப்போன ஒன்று. அந்தப் பொம்மைகளின் உடம்பையும் காலையும் உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம்தான் பிடித்திருக்கும். வருடம் ஆக ஆக அது காய்ந்து அறுந்துவிடும்.

ஞாயிறு விடியற்காலை வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் அதை என் கையில் பார்த்தார். கேட்டு வாங்கி, பையிலிருந்து சின்னத் திருப்புளி எடுத்து முதுகுத் திருகைக் கழற்றினார். டப்பியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துக் கொக்கியில் மாட்டி, உடம்பை மூடி, திருகை முடுக்கி, இடுப்பை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். முப்பது வருடத்துக்கப்புறம் அது நின்றது. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும், வரிசை நகரும் வரை, அந்தப் படத்தில் யார் யார் வர வேண்டும் என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த வளையம் குழாய்ச் சாமான் கடைகளில் ஓ-ரிங் என்று கேட்டால் கிடைக்கும். பழைய வளையத்தைக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். பத்து வாங்கி டப்பியில் வைத்திருக்கிறேன். அடுத்த தடவை வரிசையில் என்னைப் பார்த்தால் கேளுங்கள்.